பதினோராவது கட்டத்தில் ஓர் அண்ணன்

படிவத்தின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது: ‘எதையும் மறைத்தால் விண்ணப்பம் ரத்து செய்யப்படும்.’ எங்கள் பக்கத்தில் யாரும் அந்த வரியைப் படிப்பதில்லை. படித்தாலும் நம்புவதில்லை. பெர்மெத் படித்தாள், நம்பவும் நம்பினாள். அவள் செய்த குற்றம் அது ஒன்றுதான்.

தெரெக்-பெல் மாவட்டத்திலிருந்து அந்த வருடம் போலீஸ் பயிற்சிப் பள்ளிக்கு விண்ணப்பித்தவர்கள் முப்பத்தொரு பேர். அதில் பெண்கள் நாலு பேர். மூன்று கிலோமீட்டர் ஓட்டத்தில் பெர்மெத் மற்ற மூன்று பெண்களை மட்டுமில்லை, பத்தொன்பது ஆண்பிள்ளைகளையும் பின்னால் விட்டுவிட்டு வந்தாள். அந்தப் பத்தொன்பது பேரில் பாதிப் பேர் பாதையோரம் குனிந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தபோது, அவள் ஷூ கயிற்றை அவிழ்த்து உள்ளே போன கல்லை உதறிக்கொண்டிருந்தாள். எழுத்துத் தேர்விலும் அவள்தான் முதல். வயது இருபத்திநாலு. அடுத்த வருடம் விண்ணப்பிக்கலாமா என்றால், முடியாது, வயது தாண்டிவிடும்.

இரண்டு வருடம் அவள் அதற்காகப் பட்ட பாடு ஊருக்கே தெரியும். விடிந்ததும் ஆற்றோரப் பாதையில் ஓடுவாள். பின்னால் பக்கத்து வீட்டு உலுக்மான் குதிரையில் வருவான். அவள் வேகம் குறைந்தால் குதிரை அவள் பிடரியில் மூச்சு விடும். “திரும்பிப் பாக்காதே, ஓநாய் வருதுன்னு நெனச்சுக்கோ” என்பான். “ஓநாய்க்கு இவ்வளவு வாய் இருக்காது” என்பாள் அவள். மாட்டில் பால் கறக்கும்போது குற்றவியல் சட்டத்தைப் பிரிவு பிரிவாக ஒப்பிப்பாள். எங்கள் தெருவில் சட்டம் தெரிந்த மாடு அது ஒன்றுதான் என்று உலுக்மான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

அந்த உலுக்மானைத்தான் அவள் பதினோராவது கட்டத்தில் எழுதியிருந்தாள். பதினோராவது கட்டம் உடன்பிறந்தவர்களுக்கு. பெயர், பிறந்த வருடம், வேலை, தண்டனை பெற்றிருந்தால் அதன் விவரம்.

உண்மையில் பெர்மெத் வீட்டுக்கு ஒரே பிள்ளை. அவள் பிறந்தபோது அவள் அம்மாவுக்குக் காய்ச்சல் கண்டு பால் வற்றிவிட்டது. பக்கத்து வீட்டு பாத்மாவின் மடியில் மூன்று மாதக் குழந்தையாக உலுக்மான் இருந்தான். பாத்மா இவளையும் அள்ளி மறுபக்கம் போட்டுக்கொண்டாள். எட்டு மாதம் இரண்டும் சேர்ந்து குடித்தன. இப்படிக் குடித்தவர்களை நாங்கள் எம்செக்தெஷ் என்போம். ஒரே மார்பைப் பகிர்ந்தவர்கள் என்று அர்த்தம். அவன் அவளுக்கு பைகே, அதாவது அண்ணன்; அவள் அவனுக்குத் தங்கை. இவர்களுக்குள் கல்யாணம் என்று விளையாட்டுக்குச் சொன்னால்கூடக் கேட்பவர்கள் காதைப் பொத்திக்கொள்வார்கள். ஆனால் படிவம் அச்சடித்தவனுக்கு எம்செக்தெஷ் என்ற சொல் தெரிந்திருக்கவில்லை, அதற்கென்று கட்டமும் போடவில்லை. அதனால் அவள் அண்ணன் என்று எழுதினாள். தண்டனை என்ற இடத்தில், பத்து மாதம், என்றும் எழுதினாள்.

தேர்வுக் குழுத் தலைவர் கர்னல் ஜுமாகாதிர் அவளைக் கூப்பிட்டனுப்பினார். பெரிய மேஜை, அதைவிடப் பெரிய வயிறு. அறை மூலையில் தட்டச்சு வேலை பார்க்கும் ஜிபார் எஜே. ஐம்பதைத் தாண்டியவள், அதனால் கர்னலும் அவளை எஜே என்றுதான் கூப்பிடுவார், அக்கா என்கிற மரியாதையில்.

“உக்காரு மகளே. உனக்கு அண்ணன் தம்பி யாரும் கிடையாதே. பிறப்புச் சான்றிதழ்ல ஒரே பொண்ணுன்னு இருக்கு. இது யாரு, உலுக்மான்?”

“என் பைகே, தோழர் கர்னல். எம்செக்தெஷ்.”

“ஜெயிலுக்குப் போனவன்.”

“ஆமா. எழுதியிருக்கேனே.”

“அதைத்தான் கேக்கறேன். எதுக்கு எழுதினே?”

“படிவத்துல கேட்டிருந்துச்சு.”

கர்னல் சிரித்தார். “கேட்டா எல்லாத்தையும் எழுதிருவியா? நெருங்கின உறவுல தண்டனை பெத்தவன் இருந்தா உன்னை எடுக்க முடியாது. விதி அப்படி. ஆனா நல்லா ஓடறே, நல்லா எழுதறே. உன்னை விடவும் மனசு வரலை. ஒண்ணு பண்ணு. இவன் எனக்கு உறவு இல்லை, வெளியாள், தவறுதலா எழுதிட்டேன்னு ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடு. மத்ததை நான் பாத்துக்கறேன்.”

பெர்மெத் மேஜையில் விரிந்திருந்த தன் படிவத்தைப் பார்த்தாள். அவளுக்கு முன்னால் அதே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டுப் போன பையனை அவளுக்குத் தெரியும். அவனுடைய கூடப்பிறந்த அண்ணன் குதிரை திருடி உள்ளே இருக்கிறான். இந்தப் பையன் அந்தக் கட்டத்தில் ‘யாரும் இல்லை’ என்று எழுதிவிட்டுச் சிரித்துக்கொண்டே தேர்வாகிவிட்டான். மறைத்தவன் தேறினான், மறைக்காதவள் மாட்டிக்கொண்டாள். இந்த விதியை எந்தப் புத்திசாலி எழுதினானோ, அவன் வாயை முகர்ந்து பார்க்க வேண்டும்.

“என்ன யோசனை?” என்றார் கர்னல். “பாலு வேற, ரத்தம் வேற. சட்டப்படி அவன் உனக்கு யாருமில்லை. நாளைக்கே நீ அவனைக் கட்டிக்கிட்டாலும் எந்தச் சட்டமும் தடுக்காது.”

மூலையில் தட்டச்சுச் சத்தம் நின்றது. ஜிபார் எஜே தன் சட்டைக் கழுத்தைக் கையால் பிடித்துக்கொண்டு “தோபா, தோபா” என்று முணுமுணுத்தாள். பாவம் காதில் விழுந்துவிட்டால் எங்கள் பெண்கள் அப்படித்தான் செய்வார்கள். கர்னலும் இந்த ஊர்க்காரர்தான், அவரும் ஒரு தாயிடம் பால் குடித்துத்தான் வளர்ந்தார். சொன்ன பிறகு அவர் காது மடல் சிவந்தது. ஆனாலும் சொன்னதைத் திருப்பி வாங்கிக்கொள்ளவில்லை. பெரிய பதவியில் இருக்கிறவர்களுக்கு அந்தப் பழக்கம் விட்டுப்போய்விடுகிறது.

“நாளைக்குக் காலையில பத்து மணிக்குள்ள எழுதிக் கொண்டா” என்று கோப்பு அட்டையை மூடினார்.

வெளியே வந்தபோது கர்னல் சொன்ன ஒரு சொல் அவள் கூடவே வந்தது. வெளியாள் என்ற அந்தச் சொல்லை அவள் இதற்கு முன்பும் ஒரு தடவை கேட்டிருக்கிறாள்.

மூன்று வருடத்துக்கு முன்னால், சந்தையிலிருந்து திரும்புகிற வழியில், நாலு பேர் அவளைக் காரில் இழுத்துப் போட்டார்கள். முன்சீட்டில் இருந்தவனை அவள் அதற்கு முன் இரண்டு தடவை பார்த்திருக்கிறாள், ஒரு தடவைகூடப் பேசியதில்லை. அவன் வீட்டில் பலகாரம் பொரித்து, அவள் தலையில் கட்டி மருமகளாக்க வெள்ளை முக்காடும் எடுத்து வைத்துக் காத்திருந்தார்களாம். இதற்கு வழக்கம் என்று ஒரு பெயர் வேறு. ஆட்டைத் தூக்கினால் திருட்டு, பெண்ணைத் தூக்கினால் வழக்கம்.

ஆற்றுப் பாலத்தில் எதிரே வந்த உலுக்மான் அவள் அலறலைக் கேட்டுக் குதிரையைக் குறுக்கே நிறுத்தினான். சாட்டைப் பிடியால் கார் கண்ணாடியை உடைத்தான். முன்சீட்டில் இருந்தவனை வெளியே இழுத்ததில் அந்த ஆளின் கை ஒடிந்தது. பெர்மெத் இறங்கி ஓடினாள். நேராகக் காவல் நிலையத்துக்கு ஓடினாள். அங்கிருந்த அதிகாரி தேநீரை ஆற்றிக்கொண்டே, “பிடிச்சவன்தானே தூக்குவான், இதுல போலீசுக்கு என்ன வேலை, குடும்ப விஷயம், பெரியவங்க பேசித் தீத்துக்குவாங்க” என்றான். அவன் மேஜைக்கு எதிரே நின்றுகொண்டிருந்தபோதுதான், ஒருநாள் அந்த மேஜைக்கு அந்தப் பக்கம் நான் உட்கார வேண்டும் என்று அவள் முடிவு செய்தாள். அங்கே உட்கார்ந்தால் முதல் வேலையாகத் தேநீர்க் கோப்பையைக் கீழே வைப்பேன் என்று உலுக்மானிடம் சொன்னாள்.

அவள் புகாரை யாரும் பதிவு செய்யவில்லை. ஒடிந்த கைக்காரனின் புகாரை அன்றைக்கே பதிவு செய்தார்கள். வழக்கு நடந்தது. தங்கையைக் காப்பாற்றப் போன அண்ணன் என்று வக்கீல் சொன்னார். எந்தக் காகிதத்தில் அண்ணன் என்று இருக்கிறது என்று நீதிபதி கேட்டார். பாத்மா எழுந்து தன் நெஞ்சில் கை வைத்து, “இதுல இருக்கு” என்றாள். நீதிமன்றம் சிரித்தது. தீர்ப்பில் இப்படி எழுதினார்கள்: ‘குற்றவாளிக்கும் அந்தப் பெண்ணுக்கும் எந்த உறவும் இல்லை. இரு குடும்பங்களின் விவகாரத்தில் தலையிட்ட வெளியாள்.’ பத்து மாதம் உள்ளே இருந்துவிட்டு வந்தான். கொரியாவுக்கு வேலைக்குப் போகிறேன் என்று அந்தப் பாஷையைப் படித்துத் தேறியவன். தண்டனை இருக்கிறது என்று கடைசியில் கழித்துவிட்டார்கள். இப்போது ஊரார் ஆட்டை மேய்க்கிறான்.

வக்கீல் மட்டும் போகும்போது ஒன்று சொல்லிவிட்டுப் போனார். “அரசாங்க முத்திரையோட இவங்க உறவுன்னு ஒரே ஒரு காகிதம் இருந்தா, இந்தக் கேசைத் திரும்பத் திறக்கலாம். வாயால சொல்றது எடுபடாது.” அப்படி ஒரு காகிதம் கேட்டு அவர்கள் ஏறாத ஆபீஸ் இல்லை. எல்லா ஆபீசிலும் கையை விரித்தார்கள்.

அன்று மத்தியானம் உலுக்மான் ஆற்றோரம் ஆட்டுப் பட்டிக்கு வேலி கட்டிக்கொண்டிருந்தான். நடந்ததை அவள் சொன்னாள். கல்யாணம் என்று கர்னல் சொன்னதை மட்டும் சொல்லவில்லை. அதைச் சொல்லியிருந்தால் வேலிக் கம்போடு நேரே மாவட்ட ஆபீசுக்குப் போயிருப்பான்.

“எழுதிக் குடுத்துரு” என்றான் அவன், கம்பிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“என்னன்னு எழுத?”

“வெளியாள்னு. ஒரு வரிதானே. அதுல எனக்கு என்ன தேஞ்சு போச்சு?”

“உனக்குத் தேயாது. எனக்கு?”

“இந்தப் பாரு, ரெண்டு வருஷம் நீ ஓடினே. அதைவிட என் குதிரை ஓடிச்சு. அதோட உழைப்பை வீணாக்காதே.” பிறகு எழுந்து போய்த் தன் கோட்டுப் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து வந்தான். உள்ளே நீதிமன்றத் தீர்ப்பு, எட்டாக மடித்தது. “இதையும் சேத்துக் குடு. நீ சொன்னா சந்தேகப்படுவாங்க. கோர்ட்டே சொல்லிருச்சு நான் உனக்கு யாருமில்லைன்னு. முத்திரை எல்லாம் இருக்கு.”

“இதை எதுக்குடா பத்திரமா வச்சிருக்கே?”

“வேற என்ன குடுத்தாங்க எனக்கு?” என்றான்.

அவள் உறையை வாங்கிக்கொண்டாள். அழுகை வந்தது, அதைவிட ஆத்திரம் வந்தது. எந்தக் காகிதம் அவனை ஜெயிலில் தள்ளியதோ, அதையே அவன் கையால் எடுத்துக் கொடுத்து, இதை மிதித்து ஏறிப் போ என்கிறான்.

அவன் சொன்னதில் நியாயம் இல்லாமலும் இல்லை. வீட்டுக்கு நடந்தபோது அவள் அதையே யோசித்தாள். இவள் போலீசில் சேர்ந்தால், நாளைக்கு இன்னொரு பெண் ஓடி வந்து மேஜைக்கு முன்னால் நிற்கும்போது தேநீர் ஆற்றாத ஒரு ஆள் அங்கே இருப்பாள். அது சின்ன விஷயமா? ஒரு வரி எழுதினால் போதும். ஊரில் அதைவிடப் பெரிய பொய்யெல்லாம் சத்தியம் பண்ணிச் சொல்கிறார்கள்.

மறுநாள் காலை ஒன்பதரைக்கு அவள் கர்னலுக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள். உலுக்மான் தெருமுனையில், ஆட்டு மணம் போகாத ஒரு பழைய வண்டியில் காத்திருந்தான். கர்னல் வெள்ளைத் தாளை நகர்த்தினார், பேனாவையும் கொடுத்தார்.

“நான் சொல்லச் சொல்ல எழுது. ‘பதினோராவது கட்டத்தில் நான் குறிப்பிட்ட நபர்.’”

எழுதினாள்.

“‘எனக்கு எந்த உறவும் இல்லாத வெளியாள்.’”

எந்த உறவும் இல்லாத என்பது வரை எழுதினாள். வெளியாள் என்ற சொல்லுக்கு முன்னால் பேனா நின்றுவிட்டது. பாலத்தில் குதிரையைக் குறுக்கே நிறுத்தியவன். பத்து மாதம் உள்ளே இருந்துவிட்டு வந்து, ‘நீ ஏன் இளைச்சுட்டே’ என்று இவளைக் கேட்டவன். இந்தச் சொல்லை இவள் கையால் எழுதினால், அன்றைக்கு நீதிபதி சொன்னது சரி என்று இவளே ஒப்புக்கொண்ட மாதிரி. தேநீர் ஆற்றியவன் சொன்னதும் சரி.

பேனாவைக் கீழே வைத்தாள்.

“எழுத முடியாது, தோழர் கர்னல். அவன் என் அண்ணன்.”

“அப்ப உன்னை எடுக்க முடியாது.”

“சரி. ஏன் எடுக்கலைன்னு எழுதிக் குடுங்க.”

கர்னலுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நல்லது செய்யப் போய்க் கிடைத்த மரியாதையைப் பார் என்று ஜிபார் எஜே பக்கம் திரும்பினார். “எஜே, இந்த மகாராணிக்கு நிராகரிப்புக் கடிதம் அடிச்சுக் குடுங்க. ஆசையா கேக்கறா.”

“காரணம் போடணும்ல” என்றாள் ஜிபார் எஜே.

“போடுங்க. நெருங்கிய உறவினர் தண்டனை பெற்றவர்.”

“என்ன உறவுன்னு கேப்பாங்களே, மேலிடத்துல.”

“அண்ணன்னு போடுங்க. அவளே வாய் கிழியச் சொல்றாளே.”

ஜிபார் எஜே நிதானமாக அடித்தாள். பெயரை முழுசாக அடித்தாள், பிறந்த வருடத்தையும் அடித்தாள். பிறகு பெர்மெத்தைக் கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்த்து, “நகல் ஒண்ணு கோப்புக்கும் போட்டுர்றேன்” என்றாள். கர்னல் படிக்காமலே கையெழுத்துப் போட்டார். ஜிபார் எஜே முத்திரையை ஊதி ஊதி, இரண்டு தாளிலும் அழுத்திக் குத்தினாள்.

பெர்மெத் கடிதத்தை வாங்கிப் படித்தாள். ‘விண்ணப்பதாரரின் அண்ணன் உலுக்மான் தண்டனை பெற்றவர் என்பதால் நிராகரிக்கப்படுகிறது.’ அப்புறம் பிளாஸ்டிக் உறையைத் திறந்து தீர்ப்பை எடுத்து, மேஜை மேல் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

“ரெண்டுலயும் ஒரே அரசாங்கத்து முத்திரைதான் இருக்கு, தோழர் கர்னல். இதுல அவன் எனக்கு யாருமில்லை. அதனால அவனை ஜெயில்ல போட்டாங்க. இதுல அவன் என் அண்ணன். அதனால என்னை வெளிய தள்றீங்க. அவனைத் தண்டிக்கணும்னா வெளியாள், என்னைத் தண்டிக்கணும்னா அண்ணனா? எது நிஜம்னு நீங்களே சொல்லுங்க. யாருமில்லைன்னா என்னை உள்ள எடுங்க. அண்ணன்னா, தங்கச்சியைக் காப்பாத்தினவனை எதுக்கு உள்ள வச்சீங்க?”

கர்னல் தீர்ப்பைப் படித்தார், கடிதத்தைப் படித்தார், மறுபடியும் தீர்ப்பைப் படித்தார். விஷயம் எங்கே போகிறது என்று அவருக்குப் புரிந்தது. அந்தக் கடிதம் ஒரு வக்கீல் கையில் போனால், கீழே கையெழுத்து யாருடையது என்றுதான் முதலில் கேட்பார்கள்.

“அதைக் குடு இங்க” என்றார், குரலைத் தேனாக்கிக்கொண்டு. “காரணம் தப்பா விழுந்துருச்சு. வேற அடிச்சுத் தர்றேன்.”

“வேற என்ன காரணம்?”

“உடல் தகுதி போதாதுன்னு போட்டுக்கலாம். எல்லாருக்கும் போடறதுதான்.”

பெர்மெத் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். இரண்டு வருடத்து விடியற்காலைகள், மூன்று கிலோமீட்டர், பத்தொன்பது பேர் பின்னால். உடல் தகுதி போதாதாம்.

இரண்டு காகிதத்தையும் எடுத்துச் சட்டைக்குள் செருகினாள். எழுந்தாள். ஓடினாள்.

“ஏய், பிடிங்கடா அவளை” என்று கர்னல் கத்தியது மாடிப்படியில் அவளுக்குக் கேட்டது. வராந்தாவில் நின்ற இரண்டு காவலர்கள் துரத்தினார்கள். இரண்டு பேரும் பயிற்சிப் பள்ளியில் தேறியவர்கள், சீருடை போட்டவர்கள். ஒருவன் முதல் திருப்பத்திலேயே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டான். இன்னொருவன் வாசல் வரைக்கும் வந்தான், அதற்கு மேல் தொப்பி விழுந்துவிட்டது என்ற சாக்கில் குனிந்தவன் நிமிரவில்லை. மேலே ஜன்னல் ஓரம் ஜிபார் எஜே கோப்பு நகலை பீரோவில் வைத்துப் பூட்டிக்கொண்டிருந்தாள். சாவி அவளிடம்தான் இருக்கும்.

பெர்மெத் தெருமுனையில் வண்டியை எட்டியபோது மூச்சு வாங்கக்கூட இல்லை. உள்ளே ஏறிக் கதவை அறைந்து சாத்தினாள்.

உலுக்மான் வண்டியைக் கிளப்பிக்கொண்டே கேட்டான். “எடுத்துக்கிட்டாங்களா?”

“இல்ல.”

“ஏன்? அந்தத் தீர்ப்பைக் காட்டலையா?”

“காட்டினேன். வக்கீல் வீட்டுக்கு விடு.” சட்டைக்குள்ளிருந்து புதுக் கடிதத்தை எடுத்து அவன் மடியில் போட்டாள். “நீ என் அண்ணன்னு முத்திரை குத்திக் குடுத்துட்டாங்க.”